பழத்தின் பருமையும் பழத்தின் பண்பும்

பயிர் வகைகளைத் திருத்துங் கலை மனிதன் கண்ட அருங்கலைகளுள் ஒன்று. ஆயினும் அதன் பயன், அதனைக் கையாள்வோர் எதனைக் குறிக்கோளாகக் கொள்கின்றனர் என்பதைப் பொறுத்தது. பருமையைத் தேடினால் பருமை கிட்டும்; விளைச்சலைத் தேடினால் விளைச்சல் கிட்டும்; சுவையைத் தேடாதவிடத்துச் சுவை நழுவிவிடும். இதற்கு ஸ்ட்ராபெரிப் பழத்தின் வரலாறு தக்க சான்றாகும். 'சுவை மிகுந்தது, சத்து மிகுந்தது' என்று புதிய வகைகளைப் பற்றிய முழக்கம் இந்நாளில் ஓங்கி ஒலிக்கின்றது. அதில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்தல் தகும்.

பெயரிலேயே மணம்

கடைகளில் விற்கும் ஸ்ட்ராபெரி காட்டில் தோன்றியதன்று. இரண்டு அமெரிக்க இனங்கள் ஐரோப்பியத் தோட்டங்களிற் கூடிப் பிறந்தது. கேமரன் மலையில் பயிராவதும் இக்கலப்பினமே. சிலி நாட்டில் மாப்புச்சே மக்கள் நெடுங்காலம் பயிரிட்டுவந்த பருத்த கனியினத்தை, பிரெஞ்சுப் பொறியாளர் பிரெசியே 1714-இல் தம் நாட்டுக்குக் கொணர்ந்தார். கடற்பயணத்திற் பிழைத்தவை ஐந்தே செடிகள். அவை யாவும் பெண் பூக்களையே பூத்தமையால் தனித்து நின்ற இடங்களில் காய்க்கவில்லை. வட அமெரிக்காவிலிருந்து முன்னரே வந்திருந்த வர்ஜீனிய இனம் சிறிய, சிவந்த, மணமுள்ள கனி தருவது. அது பக்கத்தில் நின்று மகரந்தம் கொடுத்த இடங்களில் சிலிச் செடிகள் காய்த்தன. அச்சேர்க்கையிற் பிறந்த புதிய செடியின் கனி அன்னாசியின் மணத்தை ஒத்திருந்தது. ஆகவே அதற்கு 'அன்னாசி ஸ்ட்ராபெரி' என்றே பெயரிட்டனர். அதன் அறிவியற் பெயரும் அன்னாசியையே குறிக்கின்றது.

இப்பிறப்பின் மறையை உணர்ந்தவர் அந்துவான் நிக்கொலா துஷேன் என்னும் இளைஞர். இவர் 1764-இல், பதினாறு வயதில், சிலிச் செடி ஒன்றுக்கு வேறோர் இனத்தின் மகரந்தத்தைச் சேர்த்துக் காய்க்கச் செய்து, அதனைப் பதினைந்தாம் லூயி மன்னருக்குக் காட்டினார். 1766-இல் ஸ்ட்ராபெரியின் இயற்கை வரலாற்றை நூலாக எழுதி, அன்னாசி ஸ்ட்ராபெரி சிலி இனமும் வர்ஜீனிய இனமும் கலந்ததென்று நிறுவினார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பெயர் சூட்டியோர் இப்பழத்தின் சிறப்பாகக் கண்டது பருமையை அன்று, மணத்தையே. பின்வந்தோர் அதனைப் போற்றினரா?

கண்ணும் விரலும்

இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் 1817 முதல் முறையாகக் கலப்புச் செய்து புதுவகைகளைப் படைத்தார். சந்தைக்குத் தோட்டமிட்ட மைக்கேல் கீன்ஸ் 1821-இல் அளித்த வகை பருமையாலும் சுவையாலும் புகழ்பெற்றது. அந்நாளில் பழம் பறித்த ஊருக்கு அருகிலேயே விலை போயிற்று. பின்னர் விற்பனை தொலைவுக்குச் சென்றது. நசுங்காத பழம் வேண்டியதாயிற்று. நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் 1975-இல் செய்த கலப்பில் தோன்றிய 'எல்சாந்தா' என்னும் வகை இத்தேவைக்கு நன்கு பொருந்தியது. வடமேற்கு ஐரோப்பாவில் அது பெரிதும் பரவியது. அழகிய நிறம், ஒத்த வடிவம், திண்மை யாவும் அதற்கு உண்டு. சுவை போதாதென்ற குறையும் உடன் எழுந்தது.

இக்குறைக்குக் காரணம் ஆராய்ச்சியாளரின் அறியாமை அன்று. அவர்கள் தேர்ந்தெடுக்கும் முறையே. ஸ்ட்ராபெரியின் உயிரணுவில் 56 குரோமோசோம்கள், எட்டுத் தொகுதிகளாக உள்ளன. ஆகவே ஒரு கலப்பின் விதைகளிலிருந்து முளைக்கும் நாற்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, அவற்றுள் மிகச் சிலவற்றையே நிறுத்தி, ஓடுகொடிகளால் பெருக்குகின்றனர். அத்தனை செடிகளின் பழத்தையும் ஒருவர் நிதானமாகச் சுவைத்தல் இயலாது. பருமையைக் கண் சொல்லும். திண்மையை விரல் சொல்லும். விளைச்சலைத் தராசு சொல்லும். மணத்தைச் சொல்லுங் கருவி எளிதில் இல்லை. எது அளப்பதற்கு எளிதோ அதுவே குறிக்கோளாகிவிட்டது. பாட்டின் சிறப்பை அடிகளின் தொகையால் அளப்பதும் இவ்வாறானதே.

மற்றொரு தடையும் உண்டு. ஸ்ட்ராபெரி பறித்தபின் இனிப்பு ஏறாத பழம். வாழையும் மாம்பழமும் பறித்து வைத்தபின் கனியும். இதுவோ நிறத்தில் மட்டும் சிவக்கும். தொலைவுக்கு அனுப்ப முழுதும் பழுக்குமுன்னே பறித்தால், கடையில் அது சிவந்து நிற்கும்; வாயில் புளிக்கும். இதனை வகையின் குற்றமாக மட்டும் கூறுதல் நேர்மையன்று.

சுவையின் கூறுகள்

சுவை என்பது சர்க்கரை மட்டுமன்று. சர்க்கரை, புளிப்பு, மணம் ஆகிய மூன்றன் கூட்டு அது. புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 35 வகைகளை இரண்டு பருவங்களில் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. சில மணப்பொருள்கள், சர்க்கரை கூடாமலே, உண்பவருக்கு இனிப்பு மிகுந்ததாகத் தோன்றச் செய்கின்றன என்பது அது. விளைச்சலை மிகுத்தால் ஒவ்வொரு பழத்துக்கும் செல்லும் சர்க்கரை குறைவது இயல்பு. மணத்தைக் கூட்டுவது இச்சிக்கலிலிருந்து விடுபட ஒரு வழியாகும்.

மணத்தை மீட்டல் இயலாததன்று. செருமனியில் 1925-இல் வந்த 'மீட்செ ஷிண்ட்லர்' மணத்தால் புகழ்பெற்றது. ஆனால் மென்மையானது, பெண் பூக்களே உடையது. பிரான்சில் 1991-இல் வெளிவந்த 'மாரா தே புவா' காட்டுப் பழத்தின் மணத்தைத் தோட்டப் பழத்துக்கு அளித்தது. 2019-இல் 'காமரோசா' என்னும் வகையின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. இனி, மணத்துக்குரிய மரபணு ஒரு நாற்றில் உண்டா இல்லையா என்பதை அது காய்க்குமுன்னே இலையைக்கொண்டு அறியும் வழி பெருகும். கண்ணும் விரலும் காணாததை ஆய்வுக்கூடம் காணும். இது மெய்யான முன்னேற்றம்.

சத்தும் சாற்றுதலும்

சத்தைப் பற்றிய முழக்கத்தில்தான் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். 100 கிராம் ஸ்ட்ராபெரியில் ஏறத்தாழ 91 கிராம் நீர். வைட்டமின் சி 60 மில்லிகிராம் அளவு. ஆரஞ்சுக்கு இது இளைத்ததன்று. வகைக்கு வகை இவ்வளவு வேறுபடுவதால் உயர்ந்ததைத் தெரிந்தெடுக்க இடம் உண்டு. இத்தாலியில் அங்கோனா நகரத்துப் பல்கலைக்கழகத்தார் வட அமெரிக்கக் காட்டினத்தை மீண்டும் கலந்து சத்தை உயர்த்த முயன்றது போற்றத்தக்கது. ஆனால் அதே வகை நிழலில் விளைந்தால் வைட்டமின் குறையும். விதைத்தாளில் எழுதிய எண் தட்டில் வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் பற்றிய விளம்பரம் இன்னும் மிகையானது. சோதனைக் குழாயில் காணும் ஆற்றல் உடலிலும் அப்படியே நிகழும் என்பது மெய்ப்பிக்கப்பட்டதன்று. உணவுப் பொருள்களின் இவ்வாற்றலைக் காட்டும் பட்டியலை வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறையே, அவ்வெண்களை வணிகர் தவறாகக் கையாள்வதைக் கண்டு 2012-இல் அதனை நீக்கிக்கொண்டது. பழத்தை விற்க மருந்தின் பெயரைக் கடன் வாங்குதல் பழத்துக்கும் அழகன்று, அறிவியலுக்கும் அழகன்று.

முடிவு

திண்மையை நாடியோரை முற்றும் பழித்தலும் தகாது. மென்மையும் மணமும் உடைய பழம் அரசர் தோட்டத்திலேயே நின்றிருக்கும். திண்மை வந்தபின்னரே அது எளியோர் கைக்கும் எட்டிற்று. ஆனால் எளியோர் கைக்கு எட்டியது பழமா, பழத்தின் நிறமா என்ற வினா எஞ்சி நிற்கின்றது. சத்து மிகுந்த பழமும் சுவையற்றதாயின் குழந்தை அதனைத் தட்டில் விட்டுவிடும். உண்ணாத பழத்தின் சத்து எவருக்கும் பயன்படாது. ஆகவே சுவையும் சத்தும் இரு வேறு குறிக்கோள்கள் அல்ல. சுவையே சத்துக்கு வாயில். எடைக்கும் நிறத்துக்கும் மட்டும் விலை கொடுக்கும் வரையில் எடையும் நிறமுமே விளையும். மணத்துக்கும் விலை கிடைக்கும் நாளில், அன்னாசியின் பெயரைத் தாங்கும் இப்பழம் அப்பெயருக்கு உரியதாகும்.