கதவைப் பார்த்து வாங்குங்கள்: மடிப்புக் கம்பிக் கூடு, வாவிக்கரை வீட்டில் ஒரு பாவனை விமர்சனம்

நாய்க்கூடு வாங்கப் போகிறவர்கள் முதலில் கம்பியின் தடிப்பைப் பார்க்கிறார்கள், அடுத்ததாக விலையை. நான் கதவைப் பார்க்கச் சொல்வேன். சத்தமில்லாமல் திறக்கிறதா, முழுதாகப் பின்னே மடிந்து நிற்கிறதா, கழற்றி வைக்க முடிகிறதா? ஒருமுறை கூட்டுக்குப் பயந்துவிட்ட நாயை மறுபடி அதற்குள் நிம்மதியாகப் படுக்க வைப்பதற்கு இந்த மூன்றும்தான் உதவுகின்றன.

மட்டக்களப்பு வாவிக்கரையில், கல்லடியில் உள்ள எங்கள் வீட்டில் இருப்பது 36 அங்குல மடிப்புக் கம்பிக் கூடு. முன்னால் ஒரு கதவு, பக்கவாட்டில் ஒன்று, அடியில் இழுத்தெடுக்கும் பிளாஸ்டிக் தட்டு. அதில் படுக்க வேண்டியவள் பிரவுணி, நடுத்தர உயரமுள்ள நாட்டு நாய். மோட்டார் சைக்கிள் மோதிக் கால் முறிந்தபோது, எலும்பு பொருந்தும்வரை ஓடவிடக் கூடாதென்று மிருக வைத்தியர் சொன்னதால் கூட்டில் இருந்தாள். அது ஐப்பசி இடி மின்னல் காலம், தலைக்கு மேலே தகரக் கூரை. கால் குணமானது. ஆனால் அதன்பின் கூட்டுத் தட்டு சற்று அசைந்தாலே அறையை விட்டு வெளியேறினாள்.

இனிக் கூடு எதற்கு என்று பலர் கேட்டார்கள். இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு அதற்குப் பதில் தெரியும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வாவியின் இரு கரையிலும் ஊர்கள் நீருக்குள் நின்றன. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே வாழ்கிற நாங்கள் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் மறக்கவில்லை. இடம்பெயரும்போது கயிற்றில் கட்டிய நாய் கூட்டத்துக்குள் மிரளும், யாரையாவது கடிக்கும், அறுத்துக்கொண்டு ஓடும். அமெரிக்காவில் 2005 கத்ரீனா சூறாவளியின்போது வளர்ப்புப் பிராணிகளை விட்டுவரப் பலர் மறுத்த பிறகு, அவசரகாலத் திட்டங்களில் அவற்றையும் சேர்க்க 2006இல் சட்டமே கொண்டுவந்தார்கள். ஜப்பான் 2011 ஆழிப்பேரலைக்குப் பின், பிராணியோடு சேர்ந்தே வெளியேறுவது பற்றிய வழிகாட்டியை 2013இல் வெளியிட்டது. நாயைக் கூட்டுக்கு முன்கூட்டியே பழக்குவது அங்கே இடர்த் தயாரிப்பின் ஒரு பகுதி. நமக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

அளவு

கடைக்காரர் நிறையைக் கேட்டு அளவு சொல்வார். அளவுநாடாவை நம்புவது நல்லது. விமானத்தில் பிராணிகளை அனுப்புவதற்குச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வைத்திருக்கும் கணக்கு வீட்டுக்கும் பொருந்தும். மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரையுள்ள நீளத்தோடு, தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தின் பாதியைக் கூட்டினால் கூட்டின் நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு கூட்டின் அகலம். நிற்கும்போது தலை அல்லது காது நுனி வரையுள்ள உயரத்தோடு விரிப்பின் தடிப்பைச் சேர்த்தால் கூட்டின் உயரம். உடல் 70 சென்ரிமீற்றர், முழங்கை உயரம் 30 என்றால் நீளம் 85 வேண்டும். 36 அங்குலக் கூடு ஏறக்குறைய 91 சென்ரிமீற்றர் என்பதால் போதும். நாய் தலை குனியாமல் நின்று, திரும்பி, கால் நீட்டிப் படுக்க முடிய வேண்டும்.

வெக்கை, உப்பு, சத்தம்

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் கூடக்கூட அந்த வழியும் அடைபடும். எனவே வாவிக்கரை வீட்டுக்குக் கம்பிக் கூடுதான் சரி. நான்கு பக்கமும் காற்று நுழையும். மூடிய பிளாஸ்டிக் பெட்டி விமானப் பயணத்துக்கு நல்லது, ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுவதும் வீட்டில் பாவிக்க ஏற்றதல்ல. துணிக்கூடு பாரமில்லாதது. பயந்த நாய் பல்லாலும் நகத்தாலும் அதைக் கிழித்துவிடும்.

கம்பிக் கூட்டின் பெரிய குறை கறள். கம்பியின் மேற்பூச்சு உரிந்த இடத்தில் உப்புக் காற்று உடனே வேலையைத் தொடங்கும். எங்கள் கூட்டில் முதலில் கறள் பிடித்தது பிணைச்சல்களிலும் தாழ்ப்பாளிலும். அவ்விடங்களை உரசிச் சுத்தமாக்கி, பூச்சுப் பூசி, நன்றாகக் காயவிட்டு, வாடை போன பிறகே நாயை அருகில் விட வேண்டும். கறள் பிடித்த தாழ்ப்பாள் அவசரத்தில் திறக்காது. மாதம் ஒருமுறையாவது அதை இழுத்துப் பாருங்கள்.

அடுத்த குறையை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. இந்தக் கூடு ஓயாமல் சத்தம் போடும். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாயின் காது ஏறக்குறைய 45,000 வரை போகும். தட்டு கம்பியில் உரசும் கீச்சொலி நமக்குச் சின்ன விசயம், பிரவுணிக்கு அது இடியின் ஞாபகம். தட்டுக்கு அடியில் றப்பர் விரிப்பு வைத்தோம், ஆடும் மூலைகளைப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டியால் இறுக்கினோம். கூட்டுக்குச் செய்த மாற்றங்களில் அதிகப் பலன் தந்தது இந்த மலிவான வேலைதான். மேலே விரித்தது பழைய மருதமுனைச் சாரம். துவைக்கலாம், வெயிலில் காயவைக்கலாம், உண்ணி ஒளிந்திருந்தால் தெரியும்.

மறுபடி பழக்குவது

முதல் விதி, தள்ளாதே. தூக்கி உள்ளே வைப்பது, சாப்பாட்டைக் காட்டி ஏமாற்றிக் கதவைச் சாத்துவது, இரண்டும் பயத்தை உறுதிப்படுத்தும். நான் அவசரப்படும்போதெல்லாம் அம்மா, "உடு மனே, அது தன்ட பாட்டுல வரும்" என்பார். நடத்தை வைத்தியத்தின் சாரமும் அதுவே. பயந்த பொருளை நாய் தாங்கக்கூடிய தூரத்தில் வைத்து, அதன் பக்கத்தில் நல்லது நடக்கச் செய்வது.

கூட்டை இருந்த அறையிலிருந்து எடுத்து, வீட்டார் புழங்கும் விறாந்தையில் நிழலான மூலையில் வைத்தோம். கதவுகளைக் கழற்றினோம். பிரவுணி எந்தத் தூரத்தில் நின்று பதறாமல் சாப்பிடுகிறாளோ அங்கே தட்டை வைத்தோம். அவள் உடல் தளர்ந்த பிறகுதான் தட்டு ஒரு சாண் நகர்ந்தது. கொட்டாவி, உதடு நக்கல், காதைப் பின்னுக்கு ஒட்டுதல், கண்வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தல் ஆகியவை எல்லாம் "இது கூடிப்போச்சு" என்று நாய் சொல்வதுதான். அவற்றைக் கண்டதும் தட்டைப் பின்னுக்கு எடுக்க வேண்டும்.

கூட்டுக்கென்று தனி ருசி இருக்கட்டும். அவித்த கோழி ஈரல் துண்டு, முள் நீக்கிய மீன், வேறு எங்கும் கிடைக்காத பண்டமாக அங்கே மட்டும் கிடைக்க வேண்டும். உள்ளே முழுதாக ஏறத் தொடங்கியதும், உள்ளீடற்ற றப்பர் விளையாட்டுப் பொருளில் எருமைத் தயிரை அடைத்து உறையவைத்துக் கொடுத்தோம். 1970களில் அமெரிக்கரான ஜோ மார்க்கம், தன் நாய் வான் வண்டியின் றப்பர் உதிரிப்பாகத்தை விரும்பிக் கடிப்பதைக் கண்டு உருவாக்கிய கொங் பொம்மையின் வகை அது. நக்குவதும் மெல்லுவதும் நாயை அமைதிப்படுத்தும். நம் பக்கத் தயிர் கெட்டியானதால் நன்றாக உறைகிறது, சீக்கிரம் வழிந்து போவதில்லை. சீனி, கருப்பட்டிப் பாணி சேர்க்க வேண்டாம்.

அவள் தானாகப் போய்ப் படுத்து உறங்கத் தொடங்கிய பிறகே கழற்றிய கதவைத் திரும்பப் பொருத்தினோம். முதலில் கதவு அசைந்தால் ஈரல். பிறகு சாத்தி, ஒரு மூச்சு நேரத்தில், அவள் கேட்கும் முன்பே திறந்தோம். அந்த நேரம் மெல்ல மெல்ல நீண்டது. ஆள் விலகுவதைத் தனிப்பாடமாகப் பழக்க வேண்டும். சமையலறை வரை போய்வருவது, படலை வரை போய்வருவது என்று. பழைய கைத்தொலைபேசியைக் கமராவாக்கும் செயலி ஒன்று இதில் பேருதவி. நாம் இல்லாதபோது நாய் படுத்திருக்கிறதா, இளைத்துக்கொண்டு நிற்கிறதா என்பதை அது காட்டிவிடும்.

அழுதால் கவனிக்காதே என்ற அறிவுரை பரவலாக உண்டு. சிணுங்கல் வேறு, பீதி வேறு. எச்சில் வழிவது, கம்பியைக் கடிப்பது, கதவைப் பிறாண்டுவது பீதி. உடனே திறந்து, முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். பல் உடைந்தும் நகம் பிய்ந்தும் போகும் நாய்கள் உண்டு. அப்படிப்பட்ட நாய்க்குக் கூடு மருந்தல்ல, மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பயத்தைத் தணிக்கும் மருந்துகள் இருக்கின்றன. மனிதருக்கான தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

இடியோசைப் பதிவைத் தணிந்த ஒலியில் கோடை காலத்திலேயே கேட்கவிட்டு, கூடவே ஈரலும் கொடுக்கலாம். உண்மையான இடி வரும்போதும், திருவிழாவுக்குச் சீனவெடி கொளுத்தும்போதும் கூட்டின் கதவு திறந்தே இருக்க வேண்டும். மூன்று பக்கம் பருத்தித் துணி போர்த்தலாம், தறப்பாள் கூடாது. உள்ளே விடுமுன் கழுத்துப்பட்டியைக் கழற்றுங்கள். கம்பியில் சிக்கினால் உயிராபத்து.

தீர்ப்பு

வேலைக்குப் போகும் நேரமெல்லாம் நாயைப் பூட்டி வைக்க இதை வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து வாங்க வேண்டாம். சுவீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயைக் கூட்டில் அடைத்து வளர்க்கச் சட்டம் இடமளிப்பதில்லை. பயணம் போன்ற தேவைகளுக்கே விலக்கு. அது சரியான எல்லை என்றே நினைக்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் பின்னான ஓய்வு, பயணம், வெள்ள நாள், இவற்றோடு நாய் தானே விரும்பிப் போகும் படுக்கை. இவ்வளவுதான் கூட்டின் வேலை.

அந்த வேலைக்கு இது நல்ல கருவி. காற்றோட்டம், மடிப்பு வசதி, கழற்றக்கூடிய கதவு மூன்றுக்கும் முழு மதிப்பெண் தருவேன். கறளும் சத்தமும் குறைகள், இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம். ஒட்டு வேலைத்தளத்தில் கம்பிவலைக் கூடு செய்விப்பவர்கள், வெட்டிய முனைகளை மழுக்கச் சொல்லுங்கள், கதவைக் கழற்றும் கொண்டியோடு கேளுங்கள்.

பிரவுணி இப்போது மத்தியானத் தூக்கத்தைக் கூட்டுக்குள்ளேயே போடுகிறாள். உங்கள் நாய்க்கு வாரக்கணக்கோ மாதக்கணக்கோ ஆகலாம். ஆகவே வடகீழ்ப் பருவமழைக்குக் காத்திராமல் ஆடி ஆவணியிலேயே தொடங்குங்கள். தண்ணீர் முற்றத்துக்கு வந்த பிறகு எந்த நாயையும் பழக்க முடியாது.