சாரலில் ஒரு அம்பாசிடர்

குற்றாலச் சீசனில் சாரல் இறங்கிய ராத்திரி, செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறும் பழைய அம்பாசிடருக்கு வெளிச்சம்தான் உயிர். 2014-இல் உற்பத்தி நின்ற அந்த வண்டியின் 7 அங்குல வட்ட ஹெட்லைட் டூம் எனக்கு மிகவும் பிடிக்கும். வரிவரியாய் வார்த்த அதன் கண்ணாடியே ஒளியைச் சாலையின் அகலத்துக்குப் பிரித்துப் போடும்.

வெளிச்சம் மங்கினால் உடனே பல்பை மாற்றுகிறோம். பெரும்பாலும் கோளாறு வயரில்தான். டிம்மில் 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அத்தனையும் பழைய சுவிட்ச் வழியே மெல்லிய வயரில் சுற்றி வரவேண்டும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். பேட்டரியிலிருந்து பியூஸோடு தடித்த வயர், டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி ரிலே போதும். கைதேர்ந்த எலெக்ட்ரீஷியன், துருவேறிய எர்த் முனையை உப்புத்தாளால் தேய்த்து, செம்போ இரும்போ பளிச்சென்று தெரிந்த பிறகே முடுக்குவார். பழுப்பாய்க் கிடந்த ஒளி வெளுக்கும்.

எல்இடி பல்பைச் செருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹாலஜன் இழைக்காக வளைத்த டூமில் அந்த ஒளி சிதறும். எதிரே இறங்கி வரும் லாரிக்காரருக்குக் கண் கூசும். சாரலிலோ நமக்கே வெள்ளைத் திரை.