ஒழுகும் குடமும் உழாத நிலமும்

கல்லூரியில் ஒரு பெண் தேறவில்லை என்றால், தவறியவள் அவள் மட்டுந்தானா? இந்தக் கேள்வியை நெஞ்சில் ஏந்தி நன்னூலைப் பிரித்தேன். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் ஆக்கிய இலக்கணம். எழுத்துக்கும் சொல்லுக்கும் முன்னே, பாயிரத்திலேயே, ஆசிரியன் யார், மாணவன் யார், பாடம் சொல்வது எப்படி என்று வகுத்து வைத்திருக்கிறார். பழையது என்பதற்காகப் பணிவது பகுத்தறிவன்று. பழையது என்பதற்காகவே பழிப்பதும் பகுத்தறிவன்று. உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

மாணவரை மூன்று தரமாக்குகிறார் புலவர். நீரை விலக்கிப் பாலைப் பருகும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் முதல் தரம். நிலமும் கிளியும் இடைத் தரம். ஓட்டைக் குடம், செடிக்குச் செடி தாவும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நெய்யை விட்டுக் கசடைப் பற்றும் பன்னாடை ஆகியவை கடைத் தரம். அதோடு நின்றாரா? பாடம் சொல்லத் தகாதவர் என்று ஒரு பட்டியலும் தருகிறார்! கள்வனும் வஞ்சகனும் அதில் இருந்துவிட்டுப் போகட்டும். நோயாளியும் மந்த அறிவினனும் செய்த குற்றம் என்ன? நலமாயிருப்போருக்கு மட்டுமே மருந்து கொடுக்கும் மருத்துவமனையை எங்கேனும் கண்டதுண்டா, தோழர்களே?

அவர் உவமையே அவரை மடக்குகிறது. உழவன் உழைக்கும் அளவுக்கு நிலம் விளையும். அதனால்தான் அது இடைத் தரமாம். அப்படியானால் விளைச்சல் குன்றியதற்கு நிலத்தையா நோவது? பித்தளைக் குடம் ஒழுகினால் நம் வீட்டுத் தாய்மார் அதைக் கடைத் தரம் என்று தெருவில் எறிவதில்லை. ஈயம் பற்றவைத்துத் தண்ணீர் மொள்வார்கள். இலக்கண ஆசிரியருக்குத் தோன்றாத இந்தச் சிறு வேலை, இன்றைய கல்லூரிகளுக்காவது தோன்றியிருக்கிறதா?

காலை வேளையில் கொரட்டூர் நிலையத்தில் நின்று பாருங்கள். திருவள்ளூரிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வரும் மின்வண்டிகள் மாணவியரை இறக்கிவிடுகின்றன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் எந்திரத்தோடு மல்லாடும் தந்தையின் மகளும் அவர்களுள் இருப்பாள். அவள் பெறப்போவது அந்தக் குடும்பத்தின் முதல் பட்டம். 2021–22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை நாட்டளவில் நூற்றுக்கு 28, தமிழ்நாட்டில் 47! அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது. வாயில் திறந்தாயிற்று. உள்ளே?

உள்ளே, தமிழில் கற்று வந்தவளுக்கு முதல் நாளே ஆங்கிலத்தில் கணக்குப் பதிவியல். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் குறிப்பு. பருவத் தேர்வின் முடிவு வருமுன் அடுத்த பருவம் தொடங்கிவிடும். எங்கே பிழைத்தோம் என்று அவளுக்குத் தெரியாது. 'அரியர்' என்ற சொல் மட்டும் தெரியும். வருகைப் பதிவேடோ 75 விழுக்காட்டுக்குக் கீழே போனவளை அடையாளம் காட்டும். ஏன் வரவில்லை என்று கேட்காது!

இங்கேதான் பவணந்தியாரிடம் மீண்டும் போகவேண்டியிருக்கிறது. கொள்பவன் எப்படிக் கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளத்தில் பதியும்படி கொடு என்று ஆசிரியனுக்கு ஆணையிட்டவரும் அவரே. ஆசான் வாயிலிருந்து கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வாரோடு பழகுவதில் இன்னொரு கால். மற்றவர்க்கு எடுத்துரைப்பதில் எஞ்சிய பாதி என்று அறிவுக்குக் கணக்குப் போட்டவரும் அவரே. மாணவரைத் தரம் பிரித்த இடத்தில் சறுக்கியவர், கற்கும் முறையைச் சொன்ன இடத்தில் நிமிர்ந்து நிற்கிறார். நாமோ சறுக்கலைப் பிடித்துக்கொண்டோம். அவர் சொன்ன பன்னாடை நாம்தான் போலும்!

1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்னும் கணித ஆசிரியர், கறுப்பின மாணவர் பலர் நுண்கணிதத்தில் தோற்பதைக் கண்டார். சோம்பல், வீட்டுச் சூழல், அடிப்படைக் குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவர் அருகிருந்து பார்த்தார். சீன வழி மாணவர் கூடிப் படித்தனர், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினர். கறுப்பின மாணவரோ தனித்தனியே அறைக்குள் முட்டி மோதினர். அவர்களைக் கூட்டி உட்கார்த்தினார், கணக்குக் கொடுத்தார், தேறினார்கள். ஊட்டிவிட்டால் தரம் தாழும் என்று நம்மூரில் சில பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்குவதுண்டு. அவர்கள் கவனிக்கட்டும்: டிரைஸ்மன் கொடுத்தவை எளிய கணக்குகளல்ல, கடினமானவை!

பெருந்தொகை கேட்கும் வேலையா இது? முதல் மாதத்திலேயே ஒரு சிறு தேர்வு. வாரத்துக்குள் திருத்திய தாள். ஓரத்தில், இன்ன இடத்தில் பிழை என்று இரண்டு வரி. கருத்தைத் தமிழில் விளக்கி, பிறகு ஆங்கிலக் கலைச்சொல். நான்கு நாள் வராதவளின் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. மாணவியின் பெயரை ஆசிரியர் அறிந்திருத்தல். பதிவெண்ணை அல்ல, பெயரை.

ஒரு மாலை, அதே நிலையத்தின் இருக்கையில் இருவர். ஒருத்தி நோட்டின் பின்னட்டையில் தேய்மானக் கணக்கைப் போட்டுக் காட்டினாள், நல்ல தமிழில். மற்றவள் இரண்டு முறை குறுக்கே கேட்டாள். மூன்றாம் முறை தானே போட்டாள். சொல்லிக்கொடுத்தவளுக்கும் அந்தத் தாள் நிலுவையாம். வரும் பருவத்தில் தேறாவிட்டால் தொழிற்பேட்டையில் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்களாம் வீட்டில். திருவள்ளூர் வண்டி வந்தது. கணக்கை முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகலாம் என்று இருவரும் உட்கார்ந்துவிட்டனர்.