டெல்லிக்கு ஒரு கணக்கு, கொழும்புக்கு வேறு கணக்கு

மலேசியாவின் போர்ட் கிள்ளானில் கப்பலேறும் செம்பனை எண்ணெய்க்கு இந்தியா பெரிய சந்தை, இலங்கை சிறிய சந்தை. வெளிநாட்டு அரசுகளின் போக்கைக் கணித்து ஏற்றுமதியாளர்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள் சிலர், வேறுபாடு அளவில்தான் என்று எண்ணி இரண்டையும் ‘தெற்காசியா’ என்ற ஒரே தலைப்பில் அடக்கிவிடுகிறார்கள். 15 மாத இடைவெளியில் இரு நாடுகளும் இந்த எண்ணெய்க்குத் தடை போட்ட விதத்தைப் பார்த்தால் அந்தக் கணக்கு உதைக்கிறது.

2020 ஜனவரி 8 அன்று இந்திய வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம், சுத்திகரித்த பாமாயிலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றியது. அறிவிக்கையில் மலேசியாவின் பெயரே இல்லை. ஆனாலும் காஷ்மீர் பற்றியும் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பற்றியும் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் பேசியதற்கான பதிலடி இது என்றே பலரும் படித்தார்கள். அது பாதிக் கதைதான். மலேசிய-இந்தியப் பொருளாதார ஒப்பந்தப்படி 2019 தொடக்கத்தில் சுத்திகரித்த எண்ணெய்க்கான வரி 45 விழுக்காடாக இறங்கியது. கச்சா எண்ணெய்க்கு 40. இந்த இடைவெளியில் இந்தியச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. மும்பையின் சால்வெண்ட் எக்ஸ்ட்ராக்டர்ஸ் அசோசியேஷன் முறையிட்டது, விசாரணை நடந்தது, செப்டம்பரில் மேலும் 5 விழுக்காடு பாதுகாப்பு வரி வந்தது. அரசியல் கோபம் மூண்டபோது, ஆலைக்காரர்களின் கோரிக்கை ஏற்கெனவே மேசையில் காத்திருந்தது. கோபத்தை யாராலும் முன்கூட்டிக் கணிக்க முடியாது. கோரிக்கையைக் கணித்திருக்க முடியும்.

கொழும்பில் அப்படிப்பட்ட தடயம் குறைவு. 2021 ஏப்ரல் 5 அன்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பாமாயில் இறக்குமதியையும் புதிய செம்பனைப் பயிர்ச்செய்கையையும் தடை செய்தார். வந்திறங்கும் பாமாயில் சரக்கை விடுவிக்க வேண்டாம் என்று சுங்கப் பணிப்பாளர் நாயகத்துக்கு அறிவுறுத்தல் போனது. 1969ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இதற்கு இடம் தருகிறது: ஒழுங்குவிதி முதலில் வர்த்தமானியில் வரும், நாடாளுமன்ற அங்கீகாரம் பிறகு. சொல்லப்பட்ட காரணம் சுற்றுச்சூழல். ஆனால் 2020 மார்ச் முதலே வாகன இறக்குமதி நின்றிருந்தது, அந்நியச் செலாவணி கரைந்துகொண்டிருந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் தவணையை நிறுத்தியது. எண்ணெய் வணிகர் பார்த்திருக்க வேண்டியது எண்ணெய் விலையை அல்ல, மத்திய வங்கியின் மாதாந்தக் கையிருப்புக் கணக்கை.

ஒப்பந்தங்களிலும் இதே வேறுபாடு. இந்தியாவோடு மலேசியாவுக்கு இருதரப்பு ஒப்பந்தமும் ஆசியான் ஒப்பந்தமும் உண்டு. சலுகை கிடைக்கும், ஆனால் 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பிலுள்ள மூலவிதிகளின்படி, சரக்கு எங்கே, எப்படி உருவானது என்ற விவரத்தை இறக்குமதியாளர் கையில் வைத்திருக்க வேண்டும். இலங்கையோடு மலேசியாவுக்குத் தடையற்ற வணிக ஒப்பந்தம் இல்லை. அங்கே விசேட பண்ட அறவீடு போன்ற வரிகளை அரசு ஒரே வர்த்தமானியில் மாற்றிவிடலாம். தடுத்துக் கேட்க ஒப்பந்தத்தின் துணை கிடையாது.

ஆகவே டெல்லிக்கான ஆலோசனைக் கட்டணத்தில் பெரும்பகுதி தடை வருமுன்பே செலவாக வேண்டும்: சங்கங்களின் மனுக்களைப் படிக்க, விசாரணையில் பதில் தாக்கல் செய்ய. கொழும்புக்கு அந்தப் பணத்தை ஒப்பந்த வாசகத்தில் போடலாம்: சிறு சிறு சரக்குகள், உறுதிசெய்யப்பட்ட கடன்கடிதம், கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது விதி மாறினால் நட்டம் யாருடையது என்ற தெளிவான பிரிவு. டெல்லியில் வாதாட இடம் இருக்கிறது, கொழும்பில் தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும்.