வாசலோடு நின்றுவிடும் கண்காணிப்பு

1937 மார்ச் 18 அன்று, கிழக்கு டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம் எரிவாயு வெடித்துத் தரைமட்டமானது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் இறந்தார்கள். எண்ணெய்க் கிணறுகளின் வருமானத்தில் செழித்த பள்ளி அது. இருந்தும் செலவை மிச்சம் பிடிக்க, எண்ணெய் நிறுவனமொன்றின் கழிவு வாயுக் குழாயிலிருந்து இணைப்பு எடுத்திருந்தார்கள். வாசனையே இல்லாத வாயு கட்டடத்துக்கு அடியில் கசிந்து தேங்கியது, ஒருவருக்கும் தெரியவில்லை. அதே ஆண்டில் டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. எரிவாயுவில் நாற்றமடிக்கும் பொருளைக் கலந்தே விற்க வேண்டும் என்றது ஒன்று. நம் வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே, அந்த மெர்காப்டான் வகைப் பொருள்தான். அரசிடம் உரிமம் பெறாதவர் பொறியாளராகத் தொழில் செய்யக் கூடாது என்றது மற்றொன்று. முதல் சட்டம் பொருளுக்கு விதி வகுத்தது, இரண்டாவது ஆளுக்கு. இரண்டும் தேவைப்பட்டன. ஆனால் அடுத்த அடுப்பு கசிந்தபோது குழந்தைகளைக் காப்பாற்றியது பெரும்பாலும் அந்த நாற்றமாகத்தான் இருந்திருக்கும். அமெரிக்க மாநிலங்கள் தொழில்களை ஒழுங்குபடுத்தும் முறையை எடைபோட இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. பிற்காலத்தில் அவை இரண்டாவது வழியையே அளவுக்கு மீறிப் பிடித்துக்கொண்டன. அதிலும் ஆள் உள்ளே நுழையும் கணத்தை மட்டும்.

உரிம முறைக்கு ஆதரவான வாதம் வலுவானது. மேற்கு வர்ஜீனியா அரசு மருத்துவர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1889-இலேயே தீர்ப்பளித்தது. காரணம் எளிது. மருத்துவரின் திறமையை நோயாளியால் அளக்க முடியாது. அளக்கத் தெரியும்போது காலம் கடந்திருக்கும். பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-இல் எழுதிய நூலில் மருத்துவருக்குக்கூட உரிமம் வேண்டாம், சந்தையே தரம் பிரிக்கும் என்று வாதிட்டார். அதை ஏற்க முடியவில்லை. மயக்க மருந்து ஏறிக் கிடப்பவர் எந்தச் சந்தையில் பேரம் பேசுவார்? வாடிக்கையாளரால் தரத்தைக் கணிக்க முடியாது, தவறு நேர்ந்தால் திருத்தவும் முடியாது என்ற இரண்டு நிபந்தனைகளும் கூடுமிடத்தில் உரிமம் நியாயமானது. சிக்கல், அந்த எல்லைக்கு வெளியே அது பரவிய வேகத்தில் இருக்கிறது. 1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. 2015-இல் வெள்ளை மாளிகை வெளியிட்ட அறிக்கை, உரிமம் தேவைப்படுவோர் நான்கில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டார்கள் என்றது. உரிமம் விலையை 3 முதல் 16 சதவீதம் வரை உயர்த்துவதாக ஆய்வுகள் காட்டுகின்றன என்றும் அது சொன்னது.

டெக்சாஸின் புருவத் த்ரெட்டிங் வழக்கு இந்தப் பரவலின் உள்கட்டமைப்பைத் திறந்து காட்டியது. நம் ஊர் பியூட்டி பார்லர்களில் அன்றாடம் நடக்கும் வேலைதான். ஒரு பருத்தி நூல், இரண்டு கைகள். ரசாயனம் இல்லை, கத்தி இல்லை. தெற்காசியர்கள் கொண்டுபோன இந்தக் கைவேலையைச் செய்ய 750 மணி நேர அழகுக்கலைப் பயிற்சி வேண்டும் என்றது மாநில உரிமத் துறை. அதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம் வேறு. அவசர ஊர்தியில் உயிரைக் காக்கப் போகும் அடிப்படை நிலைப் பணியாளருக்கு அங்கே ஏறத்தாழ 150 மணி நேரப் பயிற்சி போதும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்த விதியைச் செல்லாததாக்கியது. 750-இல் 320 மணி நேரம் வரை த்ரெட்டிங்குக்குத் தொடர்பே இல்லாத பாடங்கள் என்பது வழக்கில் வெளிப்பட்டது. அரசுத் தரப்பு சொன்னதில் உண்மையும் உண்டு. அழுக்கு நூலால் தோல் தொற்று பரவும். ஆனால் அந்த ஆபத்துக்கு மருந்து, ஒருவருக்குப் பயன்படுத்திய நூலை அடுத்தவருக்குப் பயன்படுத்தாதே, கையைக் கழுவு என்ற விதியும், அதைப் பார்க்க வரும் ஆய்வாளரும்தான். ஒருத்தி ஓராண்டுக்கு முன் முகப்பூச்சுப் பாடத்தில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாள் என்பது நூலைச் சுத்தமாக்காது. சடைபின்னல் கதை இதைவிட வேடிக்கை. ஆப்பிரிக்க அமெரிக்க முறையில் சடை பின்னக் கற்றுத்தரும் பள்ளிக்கும் 2,000 சதுர அடி இடமும், முடிதிருத்தும் நாற்காலிகளும், கழுவுதொட்டிகளும் வேண்டும் என்று விதி இருந்தது. தலையைக் கழுவாத தொழிலுக்குக் கழுவுதொட்டி! அதே 2015-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை நிராகரித்தது. சில மாதங்களில் சட்டமன்றம் சடைபின்னலுக்கான உரிமத்தையே எடுத்துவிட்டது.

இதற்கெல்லாம் வழக்கமாகக் காட்டப்படும் குற்றவாளி, தொழில்காரர்களே நிரம்பிய வாரியம். அதற்குச் சான்றும் இருக்கிறது. வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியத்தில் 8 பேரில் 6 பேர் தொழில் நடத்தும் பல் மருத்துவர்கள். கடைவீதிகளில் மலிவாகப் பல் வெளுத்துத் தந்தவர்களை நிறுத்தச் சொல்லி அந்த வாரியம் குறைந்தது 47 கடிதங்கள் அனுப்பியது. புகார் சொன்னவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர், போட்டியை விரும்பாத பல் மருத்துவர்கள். அரசின் நேரடி மேற்பார்வை இல்லாத இத்தகைய வாரியத்துக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து விலக்குக் கிடையாது என்று 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் தெரிந்தவர்கள் இல்லாமல் தரத்தை யார் தீர்மானிப்பது என்பது நியாயமான மறுப்பு. டெக்சாஸ் அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. அங்கே பல தொழில்களை ஒன்றாக நிர்வகிக்கும் உரிமத் துறைக்கு மேலே ஏழு பேர் கொண்ட ஆணையம். ஏழு பேரும் பொதுமக்கள் பிரதிநிதிகள். தொழில்காரர்கள் ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்து அறிவுரை சொல்லலாம்; முடிவு அவர்களுடையது அல்ல. ஏட்டளவில் அழகான ஏற்பாடு. ஆனால் த்ரெட்டிங்குக்கு 750 மணி கேட்டதும் இதே ஆணையத்தின் கீழிருந்த துறைதான் என்பதைச் சீர்திருத்தவாதிகள் வசதியாகக் கடந்துபோகிறார்கள். நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எண்ணப்படுவது பயிற்சி மணிகளாகவே இருந்தால் முடிவும் அப்படியேதான் வரும். மணிகளை எண்ணுவது நிர்வாகத்துக்குச் சுலபம். வேலையின் தரத்தைப் பார்ப்பதற்குத்தான் ஆளும் பணமும் வேண்டும்.

தேவையற்ற உரிமங்களைக் களைய டெக்சாஸிடம் 1977 முதல் இன்னொரு கருவியும் உண்டு. பொதுவாக 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு அமைப்பும் மறு ஆய்வுக்கு வரும். சட்டமன்றம் நீட்டிக்காவிட்டால் தானாகக் காலாவதியாகிவிடும். 2019-இல் பிளம்பர்களின் வாரியம் இப்படி ஆய்வுக்கு வந்தது. அதைப் பொது உரிமத் துறையோடு சேர்ப்பதா என்ற சண்டையில் மசோதா விழ, வாரியமும் பிளம்பிங் சட்டமும் சேர்ந்தே காலாவதியாகும் நிலை. ஆளுநர் கிரெக் அபட், ஹார்வி புயல் மீட்புப் பணிகளைக் காரணம் காட்டி, பேரிடர் அதிகாரத்தைப் பயன்படுத்தி 2021 வரை அதன் உயிரை நீட்டித்தார். எரிவாயுக் குழாயைத் தொடும் தொழில் அது; நியூ லண்டன் நடந்த மாநிலமும் இதுதான். வைத்துக்கொள் அல்லது வெட்டியெறி என்று மட்டுமே கேட்கத் தெரிந்த ஆய்வு, ஒரு உரிமத்தின் எந்தப் பகுதி உயிரைக் காக்கிறது, எந்தப் பகுதி வெறும் தடுப்புச்சுவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

நுழைவைக் கடுமையாக்கினால் பின்னால் கவலையில்லை என்ற நம்பிக்கையை உடைத்தவர் நரம்பியல் அறுவை மருத்துவர் கிறிஸ்டோபர் டன்ட்ஷ். அவருடைய நுழைவுத் தகுதிகளில் எந்த வாரியமும் குறை சொல்லியிருக்க முடியாது. மருத்துவப் பட்டம், முனைவர் பட்டம், அறுவைப் பயிற்சி எல்லாம் இருந்தன. 2011-இல் டாலஸ் பகுதிக்கு வந்தவர், இரண்டு ஆண்டுகளுக்குள் 30-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்குத் தீங்கு செய்தார், இருவர் இறந்தார்கள். சக அறுவை மருத்துவர்களே மருத்துவ வாரியத்திடம் முறையிட்டும் உரிமம் முடக்கப்பட்டது 2013 ஜூனில்தான். 2017-இல் குற்றவியல் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் முன் வாரியம் நிதானிப்பது சரியே என்பார்கள். சரிதான், ஆனால் உள்ளே வரத் துடிக்கும் சடைபின்னுகிறவளிடம் காட்டாத நிதானத்தை, உள்ளே வந்துவிட்டவரிடம் மட்டும் ஏன் காட்ட வேண்டும்? அழகுக்கலைஞரின் பயிற்சியை 1,500 மணியிலிருந்து 1,000 மணியாக 2019-இல் டெக்சாஸ் குறைத்தது நல்ல தொடக்கம். விசாரணை அதிகாரிகளையும் திடீர்ச் சோதனைகளையும் அதே வேகத்தில் கூட்டுவதுதான் அடுத்த படியாக இருக்க வேண்டும். மருத்துவர்கள்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைகளைச் சேர்த்துவைக்கும் தேசியத் தரவு வங்கி 1990 முதல் இயங்குகிறது. டெக்சாஸ் வாரியம் அதை மாதந்தோறும் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னது 2023-இல். அப்படிப் பார்த்தாலும், டன்ட்ஷை முதலில் வேலைக்கு வைத்த மருத்துவமனை செய்ததுபோல, புகாரை எழுதியனுப்பாமல் ராஜினாமாவை வாங்கிக்கொண்டு ஒருவரை வெளியேற்றினால், அந்த வங்கியில் அவர் பெயருக்கு எதிரே ஒன்றும் இருக்காது.