வேப்பிலையும் தகரமும்

2020இல் நம் நகரம் பேசிய தமிழை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. மாநகராட்சியின் அறிவிப்புகள், வாசலில் ஒட்டிய ஸ்டிக்கர்கள், தொலைபேசியில் மறுமுனை எடுக்கும்வரை ஒலித்த குரல், அடுக்ககச் சங்கங்களின் வாட்ஸ்அப் சுற்றறிக்கைகள் எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பிரதியின் மையச் சொல் இடைவெளி. முதலில் 'சமூக விலகல்' என்றார்கள், பிறகு 'சமூக இடைவெளி'. விலக்கிவைத்தலின் வரலாறு தெரிந்த எவருக்கும் அது உறுத்தியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே உடல்சார்ந்த இடைவெளி என்று மாற்றிச் சொன்னது. இங்கே 'தனிநபர் இடைவெளி' பிற்பாடு வந்து சேர்ந்தது.

பெண்களுக்கு இதில் இன்னோர் உறுத்தலும் உண்டு. தமிழில் தூரம் என்றால் மாதவிடாய். 'வீட்டுக்குத் தூரம்', 'வீட்டு விலக்கு' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தனித் தட்டு, தனிப் பாய், கொல்லைப்புற மூலை என்று ஓர் உடலை வீட்டுக்குள்ளேயே தள்ளிவைப்பதில் நம் குடும்பங்களுக்கு நீண்ட பயிற்சி. ஆறடி தள்ளியிருக்க இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், சோறு கொண்டுவந்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யாரென்று எல்லா வீட்டுக்கும் தெரியும். அறிவிப்புகளில் மட்டும் அவள் எழுவாயாகவே வருவதில்லை. 'நோயாளி தனி அறையில் வைக்கப்பட வேண்டும்', 'உணவு வழங்கப்பட வேண்டும்' என்று செயப்பாட்டு வினைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள். இலக்கணம் நடத்துகிற எனக்கு அது கண்ணில் படாமல் போகாது.

தனி அறை என்ற சொல்லும் மயிலாப்பூர், அடையாறு அடுக்ககங்களில் இருந்துதான் புறப்பட்டிருக்க வேண்டும். தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஓர் அறையில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு அதற்கு என்ன பொருள்? 2020 கோடையில் 'வடசென்னை' என்பதே நோயின் முகவரி ஆனது. ராயபுரம் மண்டலத்தின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தபோது, தெற்கே உட்கார்ந்து 'அவங்களுக்கு ஒழுங்கே கிடையாது' என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டேன். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை மண்டலங்களின் எண்கள் ஏறின. தேனாம்பேட்டை மண்டலத்தில்தான் மயிலாப்பூர் இருக்கிறது. ஒழுங்கு என்ற சொல் உரையாடலில் இருந்து சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. அந்த ஜூலையில் மாநகராட்சியும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் நடத்திய இரத்தப் பரிசோதனை ஆய்வில், நகரில் 21.5 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோன அடையாளம் இருந்தது. தண்டையார்பேட்டையில் அது 44 விழுக்காடு. வீட்டின் அளவும் பொதுக்குழாயின் வரிசையும் சேர்ந்து எழுதிய எண் அது. ஒழுக்கக் கணக்காக அதை வாசிப்பது, வாசிக்கத் தெரியாதவர்களின் வேலை.

இன்னொரு வடக்கை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கனடாவின் வடகோடியில் நூனவுட் என்றொரு நிலம். இனுவிட் மக்களின் 25 ஊர்கள். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் சாலை கிடையாது, விமானம்தான். 1918 நவம்பரில் அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் வயதுவந்தோர் 80 பேரில் 72 பேர் ஃப்ளூவில் இறந்துபோனார்கள். அந்த நினைவு வடக்கத்திய மக்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2020 மார்ச்சில் நூனவுட் அரசு, ஊர் திரும்புகிறவர்கள் முதலில் தெற்கத்திய நகரங்களின் விடுதிகளில் 14 நாள் அரசு செலவில் தங்கிவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும் என்றது. அங்கே வீடுகளில் நெரிசல் அதிகம், பல தலைமுறை ஒரே கூரையின் கீழ். அந்த வீடுகளுக்குள் தனிமைப்படுத்தல் நடக்காது என்பதை ஏற்றுக்கொண்டு போட்ட திட்டம் அது. முதல் தொற்று அங்கே பதிவானது நவம்பர் 6ஆம் தேதிதான். விடுதி வாசம் எளிதாக இருந்திருக்காது. மருத்துவத்துக்காகத் தெற்கே போனவர்களும் அதில் அடைபட்டார்கள். ஆனால் வீடு என்பது எப்படிப்பட்ட இடம் என்று முதலில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பெயர்தான் சமூக அறிவியல்.

தொலைவு எல்லா இடத்திலும் இயற்கையாக அமைவதில்லை. நதிக்கரைக் குடிசைகளில் இருந்து பெயர்த்தெடுத்துத் துரைப்பாக்கத்தின் கண்ணகி நகரிலும், பிறகு பெரும்பாக்கத்திலும் குடிவைத்தோமே, அந்தத் தொலைவு கோப்புகளில் கையெழுத்திட்டு உண்டாக்கியது. மந்தைவெளிக்கும் அடையாறுக்கும் வீட்டுவேலைக்கு வருகிற பெண்கள் அங்கிருந்துதான் பேருந்து ஏறுகிறார்கள். மார்ச் இறுதியில் நின்ற மாநகரப் பேருந்து மறுபடி ஓடியது செப்டம்பர் 1ஆம் தேதி. ஐந்து மாதம். இடையில் சில அடுக்ககங்கள் 'பணிப்பெண்கள் நோய் கொண்டுவருவார்கள்' என்று கதவடைத்தன. விமானத்தில் வந்த நோய்க்கு இப்படி ஒரு முகம் கொடுத்தாயிற்று.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு முறை இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தால் தெருவுக்கே சேதி தெரிந்துவிடும். விருந்தாளி திரும்பிப் போவார், அந்த வீட்டார் கல்யாணம் காட்சிக்குப் போக மாட்டார்கள், தாளிக்கும் வாசனைகூட வெளியே வராது. தலைக்கு ஊற்றும் நாள் வந்தால் விலக்கு முடிந்தது. அடைப்பும் திறப்பும் இரண்டுமே எல்லோருக்கும் தெரிந்த மொழியில் நடந்தன. 'அம்மா வந்திருக்கா' என்று மரியாதையாகப் பேசினார்கள். மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் தெருவில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

2020இல் வேப்பிலைக்குப் பதில் தகரம் வந்தது. ஸ்டிக்கர் வந்தது. செய்தி ஒன்றேதான், 'உள்ளே வராதே'. ஆனால் வேப்பிலையை வீட்டுக்காரியே செருகினாள், தகரத்தை வெளியாள் வந்து அடித்தார். நோயோடு போராடு, நோயாளியோடு போராடாதே என்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே வாசலில் ஆணி அறைந்தார்கள். மார்ச் இறுதியில் ஆழ்வார்பேட்டையில் கமல்ஹாசனின் கட்சி அலுவலகமாக இயங்கிய வீட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் தவறு என்று சொல்லி உடனே அகற்றப்பட்டது. பிரபலமில்லாத வாசல்களுக்கு அந்த வேகம் வாய்க்கவில்லை. உரிய அதிகாரியின் உத்தரவின்றி வீட்டு வாசலில் இப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது தேதி டிசம்பர் 9.

வேப்பிலையைக் கொண்டாடிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் என்னால் முடியாது. அம்மை வீட்டில் இராப்பகலாக விசிறியது, துணி அலசியது, பத்தியச் சமையல் செய்தது எல்லாம் பெண்தான். 'தூரமான' பெண் அங்கே நிழலாடவும் கூடாது. அவள்மேல் தீட்டுக் குற்றம் சாட்ட அம்மை ஒரு சாக்கு. நம் மரபில் பாடம் இருக்கிறது என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்லட்டும். எடுத்துக்கொள்ள வேண்டியது இலையையோ சடங்கையோ அல்ல. அடைக்கும் அதிகாரம் அடைபட்டவர் கையிலேயே இருந்த அந்த ஏற்பாட்டை.

அந்த ஏப்ரலில் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்க ஆயிரக்கணக்கானோரை மாநகராட்சி அமர்த்தியது. என் வாசலுக்கு வந்தவர் ஓர் இளம்பெண். தினமும் வருவார். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வீட்டில் வயதானவர் உண்டா, அவ்வளவுதான் கேள்வி. எங்கள் தெருவை முடித்துவிட்டுக் கடலோரக் குப்பத்துக்குப் போவார். ஒருநாள் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தபடி கேட்டார்: "நாலு குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் மேடம். இதை நான் எந்தக் கட்டத்துல எழுதறது?" வேலை முடிந்ததும் பதிவேட்டை ஒப்படைத்துவிட்டார். இப்போது ஒரு துணிக்கடையில் இருக்கிறார், எப்போதாவது பேசுவோம். எந்தச் சந்தில் எத்தனை குழாய், எந்த வீட்டில் கணவன் எதிரில் பெண் வாய் திறக்க மாட்டாள், யார் பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை இறக்கிவிட்டு வாசலுக்கு வந்து சிரித்தார்கள் என்பதெல்லாம் இன்னும் அவருக்கு மனப்பாடம்.