குறைத்து எழுதும் கலை

கோப்பு முறைமையின் ஜர்னல் செய்யும் வேலை சொல்வதற்கு எளியது. மாற்றத்தை உரிய இடத்தில் எழுதுமுன் தனிப் பதிவேட்டில் எழுதி, முடிவில் முத்திரை இடும். மின்சாரம் போய் வந்தால், முத்திரை விழுந்தவற்றை மட்டும் நிறைவேற்றி, அரைகுறையானதைத் தள்ளிவிடும். சிரமமெல்லாம் நுணுக்கத்தில்தான். லினக்ஸின் எக்ஸ்ட்3 கோப்பு முறைமையில் பதிவேட்டின் குறிப்புத் தொகுதிகள் நான்கு பைட் அடையாள எண்ணோடு தொடங்கும். சேமிக்க வந்த தரவே அந்த எண்ணில் தொடங்கினால்? அந்த நான்கு பைட்டையும் சுழியமாக்கிக் குறித்துவைத்து, மீட்கும்போது திருப்பி எழுதுகிறது நிரல். மீட்புக்கான வரிகள் விபத்துக்குப் பிறகே ஓடுவதால், அவற்றில் பிழை நெடுங்காலம் ஒளிந்திருக்கலாம். எனவே இங்கே வரிகள் குறைவதே பாதுகாப்பு.

எக்ஸ்ட்3-இன் அடுத்த வடிவமான எக்ஸ்ட்4 உருவானபோது, ஜேபிடி என்ற அதன் பழைய ஜர்னல் நிரலைப் பிரதியெடுத்து ஜேபிடி2 ஆக்கினார்கள். அதன்பின் பொதுவான பிழை ஒவ்வொன்றையும் இரண்டு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. 2015-இல் வெளியான லினக்ஸ் 4.3, எக்ஸ்ட்3 நிரலையும் ஜேபிடியையும் நீக்கியது. பல ஆண்டுகள் உழைத்துத் தேறிய நிரலைத் தொடலாமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் எக்ஸ்ட்4 நிரல் எக்ஸ்ட்3 வட்டுகளை அப்படியே கையாளும், பயனருக்கு இழப்பில்லை. கவனிப்பாரற்ற பழைய பிரதியைவிட, பலரும் அன்றாடம் ஓட்டிச் சோதிக்கும் ஒரே பிரதி நம்பகமானது. புதிதாகச் சேர்ப்பவருக்குத் தரும் பாராட்டை, இப்படிப் பொறுப்போடு நீக்குபவருக்கும் நாம் தர வேண்டும்.